இருபத்தைந்து நாட் பேரும் ஒரு ஜேர்சியும்

2024 ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்காக இங்கிலாந்து அணியின் புதிய சட்டையை நைக்கி நிறுவனம் வெளியிட்டபோது அதற்கு மூன்று விலைகள் இருந்தன. வீரர்கள் அணிவதைப் போலவே தயாரித்த உயர்தரச் சட்டை 125 பவுண். ரசிகர்களுக்கான சாதாரணப் பிரதி 85 பவுண். சிறுவர் அளவு 65 பவுண். ஐரோப்பாவின் பெரிய கழகங்களின் சட்டைகளும் ஏறத்தாழ இந்த விலைகளில்தான் விற்கின்றன. பவுண் ஒன்றுக்கு 400 இலங்கை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சாதாரணப் பிரதிக்கு 34,000 ரூபாய், உயர்தரத்துக்கு 50,000 ரூபாய், பிள்ளையின் சட்டைக்கு 26,000 ரூபாய். தபால் செலவையும் சுங்கத் தீர்வையையும் இதில் நான் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கை வட்டகொடையில் இருந்து போட்டுப் பார்க்க வேண்டும். தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் நடுவில் ரயில் நிற்கும் ஊர். சுற்றிவரத் தேயிலை மலை. ஒரு நாள் வேலை முழுதாகப் பதிவாவதை இங்கே ‘பேர்’ என்பார்கள். பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து நிறுத்துக் கொடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 2021-இல் 1,000 ரூபாயான நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயானது. அந்தச் சம்பளத்தில் ஒரு சாதாரணப் பிரதிச் சட்டைக்கு ஏறத்தாழ இருபத்தைந்து முழுப்பேர் விழ வேண்டும். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் 1,550, அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு 200, ஆக மொத்தம் 1,750 ரூபாய் என முன்மொழியப்பட்டது. அதை ஒரு சதம் குறையாமல் வாங்கினாலும் இருபது நாள் ஆகும். மாதம் முழுக்க வேலை கொடுக்கும் தோட்டங்கள் குறைந்துவிட்டன. கொடுத்தாலும் சேமலாப நிதி, சந்தா, தீபாவளி முற்பணத் தவணை என்று கழிவுகள் போனபின் கையில் வருவது வேறு தொகை.

அதே 2024 ஏப்ரலில் பிரித்தானியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுணாக இருந்தது. அந்த ஊதியம் வாங்குபவர் ஏழரை மணி நேர உழைப்பில் அந்தச் சட்டையை வாங்கிவிடலாம். அங்கே ஒரு நாள், இங்கே ஒரு மாதம். ஒரு நாளே அதிகம் என்று அந்நாட்டுப் பெற்றோர் கொதித்தார்கள். அது நியாயமான கொதிப்பு. ஆனால் அரசியல்வாதிகளின் சத்தமெல்லாம் சட்டையின் பின்கழுத்தில் இருந்த சிலுவையின் நிறத்தைப் பற்றியே பெரிதாக எழுந்தது. விலை இரண்டாம் பேச்சாகப் போயிற்று.

பிரதிச் சட்டை வணிகத்துக்கு ஐம்பது வயதுதான் ஆகிறது. 1974-இல் லெஸ்டர் பகுதியைச் சேர்ந்த அட்மிரல் நிறுவனம் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. அதற்கு முன் இங்கிலாந்துச் சட்டை என்பது ஒரு வெள்ளைச் சட்டை. எந்தக் கடையிலும் ஒன்றை வாங்கி நெஞ்சில் சின்னத்தைத் தைத்துக் கொடுத்தால் பிள்ளைக்குப் போதும். அட்மிரல் தோளிலும் கையிலும் தனக்கே உரிய கோடுகளையும் இலச்சினையையும் போட்டது. அந்த வடிவம் அதன் சொத்தாயிற்று, வேறெவரும் விற்க முடியாது என்றாயிற்று. இன்றைய விலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரே சட்டை சில பருவங்களுக்கு வரும். இன்று பெரிய கழகம் ஒவ்வோர் ஆண்டும் சொந்த மைதானத்துக்கு ஒன்று, வெளி மைதானத்துக்கு ஒன்று, மூன்றாவதாக ஒன்று என்று வெளியிடுகிறது. பிள்ளை வளர்கிறது, சட்டையும் மாறுகிறது, இரண்டுக்கும் காசு தேட வேண்டும்.

அடிடாஸ் நிறுவனம் மென்செஸ்டர் யுனைட்டெட் கழகத்துக்கு 2015 முதல் பத்தாண்டுகளுக்கு 75 கோடி பவுண் தர ஒப்புக்கொண்டது. 2023-இல் இன்னொரு பத்தாண்டுக்கு 90 கோடி பவுண் என்று அது நீட்டப்பட்டது. இந்தத் தொகையை உற்பத்தியாளர் எங்கிருந்து மீட்பார்? சட்டையிலிருந்தும் அதனோடு சேர்ந்து விற்கும் தொப்பி, சப்பாத்து, மேலங்கியிலிருந்தும்தான். சட்டை ஒன்றின் விலையில் கழகத்துக்கு நேரடியாகப் போகும் பங்கு சிறியது. கடைக்காரர், உற்பத்தியாளர், அரசாங்க வரி ஆகியவைதான் பெரும்பகுதியை எடுக்கின்றன. புதிய வீரரை வாங்கிய காசு அவர் பெயர் பொறித்த சட்டையை விற்றே திரும்பிவிட்டது என்று சொல்லப்படும் கதையை நம்ப வேண்டியதில்லை. தைத்தவரின் கூலியோ விற்பனை விலையில் ஓரிரு வீதத்தைத் தாண்டுவதில்லை என்று ஆடைத் தொழிலாளர் உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன.

தைப்பவரைப் பற்றிப் பேசும்போது மலையகம் தூர நின்று பார்க்கும் இடமல்ல. 1978-இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. அங்கும் பியகமவிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் நம் தோட்டங்களில் இருந்து போனவர்கள். விளையாட்டு உடை தைப்பதில் இந்நாட்டுக்கு உலகச் சந்தையில் நல்ல பெயர் உண்டு. நைக்கி உள்ளிட்ட நிறுவனங்களுக்கு இங்கே தைக்கிறார்கள். 2019 கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கு இலங்கை அணி அணிந்த சட்டையைக் கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கில் இருந்து செய்து கொடுத்ததும் எம்.ஏ.எஸ். என்ற இந்நாட்டு நிறுவனமே. அம்மா மலையில் கொழுந்தெடுக்கிறார், அக்கா காமன்டில் தைக்கிறார், தம்பி டுப்ளிகேட் ஜேர்சியில் பந்து உதைக்கிறான். ஒரே குடும்பத்துக்குள் இந்த மூன்றும் நடக்கின்றன.

விலை ஏன் இறங்குவதில்லை என்பதற்கு வணிகர்கள் தேவை, வழங்கல் என்று விளக்கம் தருவார்கள். உதைபந்தாட்டச் சட்டைக்கு அந்த விளக்கம் பொருந்தாது. ஒரு சவர்க்காரம் விலை ஏறினால் வேறொன்றுக்கு மாறலாம். எவர்ட்டன் சட்டை மலிவு என்பதற்காக லிவர்பூல் ரசிகர் அதை வாங்குவாரா? அன்பு ஒரு கழகத்தோடு கட்டிப்போட்டிருக்கிறது, அந்தக் கழகத்தின் சட்டையை விற்க ஒருவருக்கே உரிமை. இந்தக் கட்டைத் தெரிந்துகொண்டு விலை வைப்பவர்களை வெறும் வணிகர்கள் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

விற்பவர்களுக்கு இந்தக் கட்டும் போதவில்லை என்பதற்கு ஆவணச் சான்றே இருக்கிறது. 2000, 2001 ஆண்டுகளில் இங்கிலாந்து அணி, மென்செஸ்டர் யுனைட்டெட் முதலிய அணிகளின் சட்டைகளைப் பெரிய கடைகளும் உற்பத்தியாளரும் சேர்ந்து 39.99 பவுணுக்குக் கீழே விடாமல் பிடித்து வைத்தார்கள். குறைத்து விற்ற கடைக்கு அழுத்தம் கொடுத்து அதையும் ஏற்ற வைத்தார்கள். 2003 ஆகஸ்டில் பிரித்தானிய நியாய வர்த்தக அலுவலகம் பத்துத் தரப்புகளுக்கு மொத்தம் 1 கோடியே 86 இலட்சம் பவுண் அபராதம் விதித்தது. மேன்முறையீட்டில் சில தொகைகள் மாறினாலும் குற்றம் நிலைத்தது. பட்டியலில் உற்பத்தியாளரான அம்ப்ரோ இருந்தது, கடைத்தொடரான ஜே.ஜே.பி. இருந்தது, மென்செஸ்டர் யுனைட்டெட் இருந்தது, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமே இருந்தது. விளையாட்டைக் காக்க வேண்டிய சங்கம் பிள்ளைகளின் சட்டை விலையைப் பிடித்து வைத்தவர்களோடு ஒரே பட்டியலில் நின்றது.

பாடம் படித்தார்களா என்றால், இல்லை. தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட், லோகி என்று ஸ்கொட்லாந்துப் பெயர் தாங்கிய தோட்டங்கள் இன்றும் உண்டு. அடுத்த கதை அந்த ஸ்கொட்லாந்தில் நடந்தது. 2018-இல் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் கழகத்தின் சட்டையை ஜே.டி. ஸ்போர்ட்ஸ் கடை 55 பவுணுக்கு விற்றது. கழகத்துக்காக எலிட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் நடத்திய இணையக் கடையில் அதே சட்டை 60 பவுண். அந்த இணையக் கடை தன் விலையை ஐந்து பவுண் இறக்கியிருக்கலாம். அதற்குப் பதிலாக மூன்று தரப்பும் பேசி மலிவாக விற்ற கடையின் விலையை 60-க்கு உயர்த்தின. 2022-இல் பிரித்தானியாவின் போட்டி, சந்தை அதிகாரசபை ஜே.டி.க்கும் எலிட் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கும் ரேஞ்சர்ஸ் கழகத்துக்கும் சேர்த்து 20 இலட்சம் பவுணுக்கு மேல் அபராதம் போட்டது. அபராதம் அரசாங்கத்துக்குப் போயிற்று. கூடக் கொடுத்த ஐந்து பவுண் எந்த ரசிகர் வீட்டுக்கும் தேடி வந்திருக்காது.

சட்டையில் காணும் மனப்பான்மை நுழைவுச்சீட்டிலும் இருக்கிறது. 2016 பெப்ரவரியில் லிவர்பூல் கழகம் 77 பவுண் நுழைவுச்சீட்டை அறிவித்தது. சண்டர்லாந்துடனான போட்டியின் 77-ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர். சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டனர். 2024 நவம்பரில் மென்செஸ்டர் யுனைட்டெட் பருவத்தின் நடுவிலேயே மீதிச் சீட்டுகளின் விலையை 66 பவுணாக்கி, சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகையை எடுத்துவிட்டது. 2026 உலகக் கிண்ணச் சீட்டு விலை 2025 டிசம்பரில் வெளியானபோது எழுந்த கண்டனத்தால் 60 டொலர் சீட்டு என்று ஒரு சிறு பங்கை பீபா ஒதுக்க வேண்டி வந்தது.

ரசிகர் வென்ற இடங்களில் பெரும்பாலும் அவர் உடலோடு மைதானத்திலோ தெருவிலோ இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. லீக்கின் வருமானப் பங்கை முதலீட்டாளருக்கு விற்க முயன்றபோது ரசிகர்கள் வாராவாரம் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினர். 2024 பெப்ரவரியில் அந்தப் பேரம் கைவிடப்பட்டது. 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பணக்காரக் கழகங்கள் அறிவித்த ஐரோப்பிய சூப்பர் லீக் இரண்டு நாட்களில் சரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இங்கிலாந்துத் தெருக்களில் இறங்கிய கூட்டம். அத்திட்டக்காரர்கள் உள்ளூர்க்காரரைப் பழைய மரபு ரசிகர் என்றும் தூரநாட்டவரை எதிர்கால ரசிகர் என்றும் பிரித்துப் பேசியதாக அப்போது செய்தி வந்தது.

அந்த ‘எதிர்கால ரசிகர்’ வட்டகொடையிலும் இருக்கிறார். அடுத்த நாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போக வேண்டிய வீட்டில், நடுநிசிக்குப் பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துச் சம்பியன்ஸ் லீக் பார்க்கிறார். டிஷ் அன்டெனாவுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறார். 2022 முதல் 2025 வரையான பருவங்களுக்கு இங்கிலாந்து பிரிமியர் லீக் விற்ற வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமை, உள்நாட்டு உரிமையை முதல் தடவையாக வருமானத்தில் முந்தியது. வெளிநாட்டுக்காரர் மொத்தமாகத் தருவது உள்நாட்டுக்காரர் தருவதை விடக் கூடுதல் என்று அதற்குப் பொருள். உரிமையை விற்கும் மேசையில் நம் வீட்டுக் கண்களையும் எண்ணிக் காசாக்குகிறார்கள். சட்டைக்கு விலை வைக்கும் மேசையில் நம் வீட்டுச் சம்பளத்தை எவரும் எண்ணுவதில்லை. என் குற்றச்சாட்டு முழுவதும் இதுதான்.

இப்படி விடப்பட்ட இடத்தைப் போலிச் சட்டை நிரப்புகிறது. புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்து வந்து தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா நடைபாதைகளில் தொங்கவிடுகிறார்கள். தரத்துக்கேற்ப விலை, ஒன்று அல்லது இரண்டு நாட்சம்பளத்தில் மெஸ்ஸியோ சாலாவோ கிடைத்துவிடுவார். நாலு தடவை துவைத்தால் இலக்கம் உரியும், மழையில் சாயம் இறங்கும். அதை வாங்கும் தகப்பனைக் களவுக்குத் துணை போனவர் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. சொல்பவர்களோடு உடன்படவும் முடியாது. அதே நேரம் போலிச் சட்டையை ஏழையின் நண்பன் என்று கொண்டாடவும் நான் தயாரில்லை. பெயர் தெரியாத ஏதோ ஒரு பட்டறையில், எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்காத நிலையில், அதைத் தைத்தவரும் ஒரு தொழிலாளிதான். பெரிய நிறுவனத்தின் தொழிற்சாலையிலாவது கேள்வி கேட்க ஒரு வாசல் உண்டு, அங்கே அதுவும் கிடையாது. 2022-இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபாயைத் தாண்டியபோது போலியும் விலை ஏறியது. அந்த ஆண்டின் கடைசியில் கட்டாரில் உலகக் கிண்ணம் நடந்தது. பால்மாவுக்கே அல்லாடிய வீடுகளில் ஒரு ஆர்ஜன்டீனாச் சட்டைக்காகப் பிள்ளைகள் அழுதார்கள்.

சட்டையே கிடைக்காமல் போன கதையும் உண்டு. 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக் கோல்காப்பாளர் மேரி ஏர்ப்ஸ் அணிந்த சட்டையை நைக்கி விற்பனைக்கே விடவில்லை. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்ட பிறகு கொஞ்சம் விட்டார்கள். சில மணி நேரத்தில் தீர்ந்தது. கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்க விரும்பும் சிறுமிகளும் இருக்கிறார்கள் என்பது அதுவரை விற்பனைக் கணக்கில் வரவில்லை.

கழகம் தன் மக்களைக் கேட்காமல் நடப்பது ஐரோப்பியர் மட்டும் செய்யும் பிழை என்று எண்ணிவிடக் கூடாது. கோழி வணிகத்தில் பெயர் பெற்ற இந்திய நிறுவனமான வெங்கீஸ் 2010-இல் இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் ரோவர்ஸ் கழகத்தை வாங்கியது. இரண்டு ஆண்டுக்குள் கழகம் முதற்பிரிவிலிருந்து இறங்கியது, ரசிகர்கள் மைதானத்துக்குள் ஒரு கோழியையே விட்டுத் தங்கள் கோபத்தைக் காட்டினார்கள். கொல்கத்தாவில் 1911-இல் ஒருவர் தவிர மற்றெல்லாரும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படையணியை வென்று ஐ.எப்.ஏ. கேடயம் எடுத்த மோகன் பகான், 2020-இல் ஏ.டி.கே. என்ற புதிய கழகத்தோடு இணைக்கப்பட்டு அந்த மூன்று எழுத்தையும் தன் பெயருக்கு முன்னால் சுமந்தது. ரசிகர்கள் மூன்று பருவம் விடாமல் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் இந்திய சூப்பர் லீக் கிண்ணத்தை வென்ற இரவில் உரிமையாளர் அந்த எழுத்துகளை நீக்குவதாக அறிவித்தார். கிண்ணத்துக்குச் சமமாக அந்த அறிவிப்பையும் கொண்டாடினார்கள். நம் நாட்டிலோ உதைபந்தாட்ட நிர்வாகச் சண்டையில் பீபா 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டில் தடை நீங்கும் வரை தேசிய அணி சர்வதேச ஆட்டம் ஆட வழியில்லாமல் இருந்தது. ஹட்டன் டன்பார் மைதானத்தில் சேற்றில் பயிற்சி எடுக்கும் பையனிடம் அதைப் பற்றி எவரும் விளக்கம் சொல்லவில்லை. தேசிய அணியின் சட்டையை அவன் கண்ணில் காட்டவும் எவரும் முயலவில்லை.

தோட்டத்து அணிகள் இதற்குத் தாங்களாகவே ஒரு வழி வைத்திருக்கின்றன. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கடை முதலாளி ஒருவரிடம் உதவி கேட்டு, டவுனில் உள்ள அச்சுக்கடையில் ஒரு செட் சட்டை அடிக்கிறார்கள். கோடுகள் பார்சலோனாவினுடையதாக இருக்கும், நெஞ்சில் தோட்டத்தின் பெயர் இருக்கும், முதுகில் முதலாளியின் கடைப் பெயர் இருக்கும். செட் அணிக்குச் சொந்தம். ஆட்டம் முடிந்ததும் எண்ணி வாங்கி வைப்பார்கள். இந்தச் சட்டைகள் எனக்கு உண்மையிலேயே அழகாகப் படுகின்றன. ஆனாலும் தான் நேசிக்கும் கழகத்தின் சட்டையைப் போட ஒரு பிள்ளைக்கு இருக்கும் ஆசையை இது தீர்க்காது. தீர்க்க வேண்டிய கடமை அந்த ஆசையால் வாழும் கழகத்துக்கு உண்டு.

வழி இல்லை என்று சொல்லவும் முடியாது. ஈ.எல்.பி.எஸ். என்று அட்டையில் பொறித்த மலிவுப் பதிப்புப் பாடநூல்களை இலங்கையில் படித்த மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லண்டனில் விலை உயர்ந்த மருத்துவ, பொறியியல் நூல்களைப் பிரித்தானிய அரசின் உதவியோடு நம் போன்ற நாடுகளுக்கெனக் குறைந்த விலையில் அச்சிட்டார்கள். நூலுக்குள் இருந்த விஷயம் ஒன்றுதான், தாள் மட்டும் மெல்லியது. இன்று இணையப் படச்சேவைகளும் பாட்டுச்சேவைகளும் நாட்டுக்கு நாடு வேறு கட்டணம் அறவிடுகின்றன. மலிவுச் சட்டை லண்டனுக்குத் திரும்பிப் போய் அங்குள்ள வியாபாரத்தைக் கெடுக்கும் என்பார்கள். உயர்தரம், சாதாரணப் பிரதி என்று இரண்டு துணியில் இரண்டு விலை வைக்கத் தெரிந்தவர்களுக்கு மூன்றாவதாக ஒரு துணியும், ‘தெற்காசிய விற்பனைக்கு மட்டும்’ என்ற ஒரு வரியும் கடினமான வேலையாகாது. போலியிடம் இன்று இழக்கும் காசில் ஒரு பங்கு கழகத்துக்கே திரும்பும். தைக்கும் கூலி கட்டுநாயக்கவில் சட்டத்துக்கு உட்பட்டுக் கொடுபடும்.

சிறுவர் அளவில் தொடங்கலாம். மூன்று நாட் பேருக்குள், அதாவது 4,000 ரூபாயளவில், இந்நாட்டிலேயே தைத்து இந்நாட்டிலேயே விற்கும் அனுமதி பெற்ற சட்டையாக அது இருக்க வேண்டும். வருடா வருடம் மாறாமல் மூன்று பருவத்துக்கு ஒரே வடிவம் போதும். அண்ணன் போட்டது தம்பிக்கு ஆகும். கோல்காப்பாளர் சட்டையும், சிறுமிகளின் அளவும் முதல் தொகுதியிலேயே வர வேண்டும். கொழும்புப் பேரங்காடியோடு நின்றுவிடாமல் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் உள்ள புடவைக்கடைகளுக்கும் கொடுக்க வேண்டும். அதையும் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். தோட்டத்து வீடுகளில் முற்பணம் கைக்கு வருவதும் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுப்பதும் அப்போதுதான்.